உப்பிட்ட கை

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் இரசாயனம் கற்பித்து வருகின்றோம். சோடியமும் குளோரீனும் கூடி உப்பாகும் கதையைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினோம் என்பதற்குக் கணக்கில்லை. சோடியத்தின் சாரணுத் திணிவு 23, குளோரீனுடையது 35.5. ஆகவே கறியுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பங்கு சோடியம் என்று கணக்கிட்டுக் காட்டுவோம். மாணவர் எழுதிக்கொள்வர், மணி அடிக்கும். பின்னர் நாம் வீடு சென்று, குழம்பில் உப்புப் போதாதென்று குறைகூறி, மேசையிலுள்ள உப்புக் கிண்ணத்தை அருகே இழுத்துக்கொள்வோம்!

இம்முரண்பாடு எமக்குப் புலப்பட்டது சென்ற ஆண்டிலேதான். மாணவரைப் பரிசோதிக்கக் கல்லூரிக்கு வந்திருந்த வைத்தியர், தம் பணி முடிந்ததும் எம்மைப் பார்த்து, "சேர், நீங்களும் ஒருக்காக் கையைத் தாங்கோவன்" என்றார். விளையாட்டாகவே கையை நீட்டினோம். கருவி 160/100 என்று காட்டியது. மறுவாரம் வெறுவயிற்றிற் செய்த இரத்தப் பரிசோதனையிற் சீனியும் தன் எல்லையைச் சற்றே கடந்து நின்றது.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எம் தந்தையாரின் நினைவே வந்துகொண்டிருந்தது. 1998 ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையிற் கிணற்றடியில் வாளியோடு சாய்ந்தவர் அவர். பாரிசவாதம் என்றார்கள். மூன்றாம் நாள் கண்மூடினார். அப்பொழுது அவருக்கு வயது 51. தம் இரத்த அழுத்தத்தை அவர் ஒருநாளேனும் அளந்து பார்த்தவரல்லர். எமக்கு இப்பொழுது வயது 46. இந்தக் கழித்தற் கணக்கைச் செய்யக் கரும்பலகை வேண்டியிருக்கவில்லை.

வைத்தியர் மாத்திரை எழுதித் தந்தார். அதனோடு இரண்டு கட்டளைகளும் இட்டார். உப்பைக் குறைக்க வேண்டும். சோறு, பிட்டு, பாண் முதலிய மாப்பொருள் உணவையுங் குறைக்க வேண்டும்.

ஆசிரியர் புத்தி முதலிற் கணக்கிலேயே சென்றது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைந்த உப்பே தக்கது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எம் வீட்டில் அன்னையார், மனைவியார், மகள், நாம் என நால்வர். மாதமொன்றுக்கு 600 கிராமுக்கு மேற்படலாகாது. ஒரு கிலோ உப்புப் பை எத்தனை நாளைக்கு வருமென்று மனைவியாரைக் கேட்டோம். "இருவத்தஞ்சு நாளும் நிண்டு பிடியாது" என்றார். ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிராம்! அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், பாண், பிஸ்கற்று ஆகியவற்றுள் மறைந்து வருவது இக்கணக்கிற் சேராதது. மச்சம் உண்போர் வீடுகளிற் கருவாடும் உண்டு.

சோடியம் உடலில் நீரைத் தேக்கிவைக்கும் இயல்பினது. நீர் மிகுந்தால் இரத்தத்தின் கனவளவு மிகும். குழாய்களில் அழுத்தம் ஏறும். மாப்பொருளோ சமிபாட்டில் குளுக்கோசாக மாறி இரத்தத்திற் கலக்கும். வேண்டியதற்கு மேற்பட்டது கொழுப்பாய்ச் சேரும். இவை நாம் வகுப்பில் அறிந்தவை. வகுப்பில் அறியாத ஒன்றை எம் உணவுத் தட்டே கற்பித்தது. உப்பும் புளியும் உறைப்பும் ஓங்கிய குழம்பு மேலும் ஓர் அகப்பைச் சோற்றைக் கேட்கின்றது. சோறு மிஞ்சினால் அது மேலும் குழம்பைக் கேட்கின்றது. ஒன்று மற்றொன்றைக் கைப்பிடித்து அழைத்து வருகின்றது. ஆகவே ஒன்றைக் குறைத்து மற்றதை விட்டுவைப்பது கடினம்.

1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர், உப்பை அறவே நீக்கிச் சோறும் பழமும் சீனியுமே உணவாகக் கொடுத்து, உயர் அழுத்த நோயாளர் பலரைத் தேற்றினார். அக்கடும் பத்தியம் மருத்துவர் மேற்பார்வையில் நடந்தது. நாமாகச் செய்யத் தக்கதன்று. எனினும் வெறுஞ் சோற்றிற் சோடியம் இல்லையென்றே சொல்லலாம், உடன் வருவதிலேதான் அது உளது என்னும் உண்மை அதனால் விளங்கும்.

கணக்கு எளிதாய் முடிந்தது. வீட்டில் அதனை நடத்துவதுதான் அரிதாயிற்று. அடுக்களை ஆட்சி எழுபத்துமூன்று வயதான எம் அன்னையாருடையது. அவர் உப்பைக் கரண்டியால் அளந்தவரல்லர், கையே அளவு. மனைவியார் உப்பைப் பாதியாக்கிச் சமைத்த முதல் நாள், அன்னையார் சுவைத்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் ஒரு சிட்டிகை சேர்த்தார். இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் அவரை அருகிருத்தி, வைத்தியர் சொன்னதையெல்லாம் விளக்கினோம். கேட்டிருந்தவர் நெடுநேரத்தின் பின், "தம்பி, ஐயாவுக்கும் நான்தானே உப்புப் போட்டுச் சமைச்சுக் குடுத்தனான். அதாலதானோ அவர் போனவர்?" என்றார்.

எந்த வகுப்பிலும் விடையின்றி நின்றவரல்லேம்; அன்று நின்றோம். பின்னர், "அப்பிடிச் சொல்லேலாது அம்மா. அவற்ற பிறஷரை ஆரும் அளக்கேல்லை. அளந்திருந்தால் மருந்து எடுத்திருக்கலாம்" என்றோம். எமக்குத் தெரிந்த உண்மை அவ்வளவே. அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாட் காலை உப்புச் சாடியருகே ஒரு சிறு கரண்டி இருந்தது. மகளின் இருமல் மருந்தோடு வந்த 5 மில்லிலீற்றர்க் கரண்டி அது. "நாலு பேருக்கும் ஒரு நாளைக்கு இதால எத்தினை?" என்று அன்னையார் கேட்டார். மறைந்து வரும் உப்பையும் எண்ணி, "தலைதட்டி இரண்டு" என்றோம். அன்று முதல் அந்த இரண்டுக்கு மேற்பட்டதில்லை.

குறைத்த உப்பின் இடத்தை நிரப்பும் வித்தையும் அவரிடமே இருந்தது. சொதிக்குத் தேசிப்புளி சற்றுக் கூடிற்று. வறைக்குத் தேங்காய்ப்பூவும் உள்ளியும், குழம்புக்கு வறுத்திடித்த மிளகும் சீரகமும் துணைநின்றன. அடுப்பால் இறக்கும் வேளையிலேயே உப்பிட்டார். அதனாற் சிறிதளவும் நாவுக்கு நன்கு எட்டிற்று. தட்டிற் பாதியை முருங்கையிலை வறையும் புடலங்காயும் வல்லாரைச் சம்பலும் பிடித்துக்கொண்டன. காற்பங்கு பருப்பு அல்லது கடலை. எஞ்சிய காற்பங்கே குத்தரிசிச் சோறு. உருளைக்கிழங்குக் கறி வைக்கும் நாளில் அதனைச் சோற்றின் கணக்கிலேயே சேர்த்தோம். இரவில் மூன்று துண்டுக் குழற்பிட்டு ஒன்றாயிற்று. தேநீர்ச் சீனி விடைபெற்றது. பனங்கட்டியும் சீனியின் உறவே என்பதை வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டோம்.

முதலிரு கிழமையும் உணவு மண்ணாகவே இருந்தது. நாலாங் கிழமையில் நாவு தானே திருந்திற்று. பின்னொரு நாள் கலியாண வீடொன்றில் உண்டபோது கத்தரிக்காய்க் குழம்பு வாயில் வைக்க முடியாதிருந்தது. "கடற்தண்ணியில காய்ச்சினவையோ?" என்று அன்னையார் எம் காதிற் கேட்டார். ஓராண்டுக்கு முன் அதே குழம்பை அவர் புகழ்ந்திருப்பார்.

ஆறு மாதத்தின் பின் அழுத்தம் 134/84 ஆக இறங்கியிருந்தது. சீனியும் எல்லைக்குள் வந்திருந்தது. வைத்தியர் மாத்திரையை நிறுத்தவில்லை. நாமும் நிறுத்தக் கேட்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்போர் தாமாகவே சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். உப்புக்குப் பதிலாக விற்கப்படும் பொற்றாசிய உப்பும் சிறுநீரக நோயாளருக்கும் சிலவகை அழுத்த மாத்திரை எடுப்போருக்கும் தீங்கு செய்யலாம். இரண்டிலும் வைத்தியரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதில் மூலிகைகளையன்றி உண்ணும் அளவையே பெரிதும் பேசினார். அதை மாணவருக்குப் படிப்பிக்கும் வீடுகளிலும் உடனடி நூடில்சும் அதன் உப்புத்தூளும் மாலைச் சிற்றுண்டியாய்விட்டன. பெற்றோர் இதனைக் கருத வேண்டும். பிள்ளைகள் இளமையிற் பழகும் நாவே முதுமை வரை உடன் வருவது.

நாற்பதைக் கடந்த அன்பர்கள் வைத்தியரிடம் ஒருமுறை கையை நீட்டுவீர்களாக. அதற்கு நாள் பார்க்க வேண்டியிருப்பின், இன்றிரவே மேசையிலுள்ள உப்புக் கிண்ணத்தையாவது எடுத்துவிடுங்கள். எம் வீட்டுக் கிண்ணத்தில் இப்பொழுது அன்னையார் தேசிக்காய் வெட்டி வைக்கின்றார்.