மட்டம்

'மட்டம்' என்னும் சொல்லுக்கு வகுப்பறையில் பொருள் சொல்வது எளிது. கொத்தனாருக்கு அது சமநிலை, மாணவனுக்கு வகுப்புக்கு வராமலிருப்பது, பழிப்பவருக்குத் தாழ்வு. 'மட்டு' என்றால் அளவு, எல்லை. இந்த எல்லையை நாங்கள் கண்ணால் கண்டது திருவண்ணாமலையில் ஒரு பட்டறையில், அப்பா விட்டுச்சென்ற அம்பாசிடரின் கார்புரேட்டருக்குள்.

உத்தரப்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளிலிருந்தும் கார்புரேட்டர் விடைபெற்றது. எங்கள் வண்டி இன்னும் சோலெக்ஸை நம்பி ஓடுகிறது. அதன் கிண்ணத்தில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைய நிறைய அது எழுந்து மேல்மூடியிலுள்ள ஊசி வால்வை அடைக்கும்; குறைந்தால் இறங்கித் திறக்கும். வீட்டுத் தண்ணீர்த்தொட்டியின் பந்து வால்வும் இவ்வாறே. பெட்ரோல் பீறிடும் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே மட்டம் நிற்க வேண்டும். கூடினால் கரும்புகை, குறைந்தால் மேட்டில் எஞ்சின் திணறும்.

எங்கள் வண்டி புகைந்தது. பௌர்ணமி நெரிசலில் ஊர்ந்தால் உள்ளே பெட்ரோல் நெடி. தம்பிக்கு விற்றுவிடும் எண்ணம்.

பெரியவர் பித்தளை மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினார். உள்ளே பெட்ரோல் தளும்பியது. வெந்நீரில் அமிழ்த்தினார், ஓரத்தில் குமிழிகள் எழுந்தன. உள்ளிருந்த பெட்ரோலை வெளியேற்றி, உலரவிட்டு, ஓட்டையைப் பற்றவைத்தார்.

"ஈயம் வச்சா வெயிட்டு கூடும் சார். வெயிட்டு கூடினா புளோட்டு முங்கும், மட்டம் ஏறும்."

அதனால் ஊசி வால்வின் அடியில் சற்றுத் தடித்த வாஷரைப் போட்டார். வால்வு சிறிது கீழே இறங்கும். பெட்ரோல் முன்னதாகவே நிற்கும். தரையில் ஒரு குவளை நீரை ஊற்றி, அது ஓடாத இடத்துக்கு வண்டியைத் தள்ளச் சொன்னார். எஞ்சினை ஓட்டி, நிறுத்தி, மூடியைத் திறந்து அளந்தார். மூன்று முறை. மூன்றாம் முறை வாஷரை மாற்றவில்லை.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை ஜவ்வாது மலையின் வளைவுகளில் ஏறிப் பார்த்தோம். வண்டி சாயச்சாயக் கிண்ணத்துப் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கும். அப்போதும் எஞ்சின் முனகவில்லை. விற்பது பற்றித் தம்பி பிறகு பேசவில்லை.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அதிலுள்ள ஆக்சிஜனால் கலவை மெலியும். பழைய ரப்பர்ப் பாகங்கள் கெடும். இந்தக் கணக்கும் பெரியவரின் கையில்தான் இருக்கிறது. அவருடைய மகன் பைக் ஷோரூமில் வேலை செய்கிறார். "அங்க கம்ப்யூட்டரே சொல்லிடும் சார்" என்றார், குறையாக அல்ல.

அவர் இசைவுடன் வேலைமுறையை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். புளோட்டு, வாஷர், ஜெட்டு என அவர் சொற்களிலேயே. வாஷரின் தடிமனுக்கு இடம் விட்டுக் கேட்டோம்.

"அதை எழுதாதீங்க சார். வண்டிக்கு வண்டி மாறும்."

அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அவரிடம் கற்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.