பதினைந்தாவது ஆடு

விளையாட்டில் தோற்றவன் வெட்கப்படலாம். தோற்றபின் நண்பனைக் குற்றவாளியாக்கினவன் என்ன செய்வது? சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்தது இதுதான். மன்ற மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது, வேறொன்றும் எழுத மனம் வரவில்லை.

எங்கள் விடுதியில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் ‘டெட் பை டேலைட்’தான். 2016இல் வெளிவந்த இந்தக் கணினி விளையாட்டை அறியாத நண்பர்களுக்குச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். ஒருவன் கொலைகாரன், நால்வர் உயிர் தப்ப வேண்டியவர்கள். இருண்ட திடலில் ஏழு ஜெனரேட்டர்கள் அங்குமிங்குமாக நிற்கும். அவற்றுள் ஐந்தைப் பழுதுபார்த்துவிட்டால் வாயிற்கதவுகளுக்கு மின்சாரம் வரும், திறந்துகொண்டு ஓடலாம். அதற்குள் பிடிபட்டால் கொக்கியில் மாட்டிவிடுவான். அவனைக் கொல்ல நம்மால் ஆகாது. பழுதுபார்க்கும்போது நடுநடுவே ஒரு வட்டம் தோன்றும். அதில் சுழலும் முள் குறித்த இடத்துக்கு வரும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். தவறினால் ஜெனரேட்டர் வெடித்து, நாம் இருக்கும் இடத்தை அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அவன் நெருங்க நெருங்க, இதயத் துடிப்பு காதில் இடிக்கும். அந்த இடிப்பைக் கேட்டுக்கொண்டே முள்ளைப் பார்ப்பது எத்தகைய வேலை என்பதை ஆடியவர்களே அறிவார்கள்.

அன்று கொலைகாரனாக ஆடியவர் தார்வாட்டிலிருந்து வந்த நண்பர். எங்கள் நால்வருக்குத் தலைவன் நான். அந்தப் பதவியை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். “அவன் இல்லாத பக்கமாகப் போங்கள், விரைவாக முடியுங்கள்” என்பது என் திட்டம். நான்கு ஜெனரேட்டர்கள் மளமளவென்று முடிந்தன. மிஞ்சிய மூன்றில் ஏதேனும் ஒன்று போதும். வெற்றி கைக்கெட்டிய தூரத்தில்! அப்போது எங்களில் இளையவன், அல்சூரிலிருந்து வந்து போகும் முதலாண்டு மாணவன், முள்ளைத் தவறவிட்டான். வெடித்தது. அவன் முதலில் மாட்டினான். காப்பாற்றப் போனவனும் மாட்டினான். ஐந்து நிமிடத்தில் நால்வரும் காலி.

“உன்னால்தான் போயிற்று. ஒரு பொத்தானை அழுத்தத் தெரியவில்லையே!” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தேர்வு என்றான். அதற்கடுத்த வாரம் காய்ச்சல் என்றான். மூன்றாவது வாரம் எதுவும் சொல்லவில்லை; வரவுமில்லை.

அவனிடம் இரவல் வாங்கிய புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் திருப்பித் தரும் சாக்கில் ஒரு ஞாயிறு மாலை, ஏரிக்கரையோரம் வள்ளுவர் சிலையைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போனேன். அவன் ஆயாவோடு தரையில் உட்கார்ந்திருந்தான். (எங்கள் பக்கத்தில் பாட்டி என்போம்.) சாக்குக்கட்டியால் கோடிழுத்து ஆடு புலி ஆட்டம்! மூன்று கூழாங்கற்கள் புலிகள். பதினைந்து புளியங்கொட்டைகள் ஆடுகள். கன்னட நண்பர்களும் இதை அறிவார்கள். அங்கே புலி ‘ஹுலி’ ஆகிவிடுகிறது, அவ்வளவே. ஹம்பிக்குச் சுற்றுலா போனவர்கள் கல்தரையில் செதுக்கிய ஆட்டக் கட்டங்களைப் பார்த்திருக்கலாம். பலமும் எண்ணிக்கையும் சமமில்லாத இருவர் மோதும் ஆட்டம் நமக்குப் புதிதன்று.

என்னையும் உட்கார வைத்தார்கள். நான் ஆடு, ஆயா புலி. ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டும். எல்லாம் இறங்கும்வரை ஒன்றும் நகரக்கூடாது. புலியோ தொடக்கத்திலிருந்தே திரியும். ஆட்டுக்கு அப்பால் இடம் காலியாக இருந்தால் தாண்டி வெட்டிவிடும். பதினைந்தாவது ஆட்டை வைத்தேன். அந்தக் கணமே அது போயிற்று. “சே! கடைசியில் தப்பு செய்துவிட்டேன்” என்றேன்.

ஆயா சிரித்தார். “அது என்னா பண்ணும் பாவம்? வேற எங்க வச்சிருந்தாலும் போயிருக்கும் தம்பி. எட்டாவது ஆட்ட எங்க வச்ச, அதப் பாரு.”

பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோதே தார்வாட் நண்பர் அன்றிரவு தேநீர்க் கடையில் சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வந்தது: “நான் கடைசியில் தேடவேயில்லை. நீங்கள் விட்டுவைத்த மூன்றும் ஒரே மூலையில் இருந்தன. நடுவில் நின்றுகொண்டேன்.” அந்த மூன்றை விட்டுவைத்தவன் யார்? வசதியானதை முதலில் முடியுங்கள் என்றவன் நான்! பிழை, திட்டம் போட்டபோதே நடந்துவிட்டது. அது வெடித்த இடத்தில் கை வைத்திருந்தவன் அவன்.

நேபாளத்திலும் இதற்கு ஓர் உறவு உண்டு: பாக்சால். 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கணினியில் அலசி, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று 2009இல் வெளியான கட்டுரையில் காட்டினார்கள். அப்படியானால் அந்த ஆட்டத்தில் வென்றவன் ஒவ்வொருவனும் எதிரியின் பிழையால்தான் வென்றான். உத்தி என்பது வேறென்ன? எதிரி பிழைசெய்யும் இடத்துக்கு அவனை நடத்திச் செல்வதுதானே! ஆனால் அங்கே ஆட்டுக்காரர் ஒருவரே. பிழைக்கும் சொந்தக்காரர் ஒருவரே. நால்வர் சேர்ந்து ஆடும்போதுதான் சங்கடம். ஒருவன் விதைத்த பிழை இன்னொருவன் கையில் விளைகிறது. கூட்டத்தின் கண்ணோ விளைந்த கையை மட்டும் பார்க்கிறது. முள்ளைத் தவறவிட்டதும் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றும் தள்ளித் தள்ளி இருந்திருந்தால், அந்த வெடிப்புக்குப் பிறகும் வேறொரு மூலையில் வேலை நடந்திருக்கும்.

இதையெல்லாம் அவனிடம் விளக்கினேனா? இல்லை. “அன்றைக்குத் தப்பு என்னுடையதுதான்” என்று மட்டும் சொன்னேன். “விடுங்க அண்ணா” என்றான். ஆயா புளியங்கொட்டைகளை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தான். எந்தெந்த ஜெனரேட்டரைக் கடைசிக்கு வைப்பது என்று அவனே சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றும் தோற்றோம். முள்ளைத் தவறவிட்டவன் நான்.