கரோல் பாக்கில் ஒரு கைப்பிடிக் கடல்

காலை ஐந்தரை மணி. கரோல் பாக்கின் அந்த இரண்டாம் மாடி வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிகிறது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 34 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு நீள நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார். பற்று, வரவு என்று கோடு போட்டுப் பழகிய கை இப்போது வேறு தலைப்புகளை எழுதுகிறது: வெப்பம், உப்பு, காரம், கால்சியம், அமோனியா. தலைப்புகளுக்கு நேரே இன்றைய எண்கள். எண்கள் சரியாக இருந்தால்தான் அவருக்குக் காபி இறங்கும்.

நோட்டுப் புத்தகத்துக்குக் காரணம் சுவரோரம் நிற்கும் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. சுமார் 250 லிட்டர் தண்ணீர். இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள். பீங்கான் பாறைகளின் மேல் பச்சையும் ஊதாவுமாக விரிந்திருக்கும் காளான் போன்ற உயிர்கள், பொத்தான் பூக்களைப் போன்ற இன்னொரு கூட்டம். எந்தக் கடற்கரைக்கும் ஒரு நாள் ரயில் பயணம் தேவைப்படும் ஊரில், 2022 நவம்பரில் அவர் தொடங்கிய கடல் இது.

அவர் தூத்துக்குடிக்காரர். 23 வயதில் தில்லிக்கு ரயில் ஏறியவர். "இங்கே வந்து எல்லாம் கிடைத்தது, உப்புக் காற்றைத் தவிர" என்கிறார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குறை அதிகமாகத் தெரிந்ததாம். தெருவில் விஷயம் பரவியபோது பாங்க் தெரு நகைக் கடைக்காரர் ஒருவர் ஆவலோடு வந்து பார்த்தார். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளத்தை வீட்டிலேயே விளைவிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் ஆழத்திலிருந்து எடுக்கப்படுவது, இது வேறு குடும்பம் என்று விளக்கியதும் அவருடைய ஆர்வம் வடிந்துவிட்டது.

உண்மையில் தொட்டியில் இருப்பவை பாறை கட்டும் பவளங்களும் அல்ல. அவற்றின் ஒன்றுவிட்ட உறவுகள்; உடம்பில் சுண்ணாம்பு எலும்பு கிடையாது. இதற்குக் காரணம் சட்டம். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 ஜூலையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். 2022-ல் சட்டம் திருத்தப்பட்டபோதும் அவை அங்கேயே நீடித்தன. கடலிலிருந்து ஒரு கொத்தை உடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. செத்த பவளக் கல்லுக்கும் விலக்கில்லை. அதனால்தான் அவருடைய பாறைகள் பீங்கான். உயிர்கள் சென்னை வியாபாரி மூலம் ரசீதுடன் வந்த இறக்குமதி.

கடலைச் செய்வது எளிது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், இதற்கென்றே விற்கும் கடலுப்பை நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும். 250 லிட்டருக்கு ஒன்பது கிலோவுக்கு அருகில். பிறகு பொறுமை வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஊழியர்கள் வேலையில் அமர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அவர் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு அது புரியவில்லை. "மீனே இல்லாத தொட்டிக்கு மோட்டார் எதுக்குங்க?"

தொல்லை வந்தது 'நல்ல தண்ணீர்' என்ற இடத்தில். உயிர்கள் குடியேறி ஒரு மாதத்தில் பாறைகளின் மேல் பழுப்பு நிறப் பாசி படர்ந்தது. காளான்கள் சுருங்கின. விளக்கைக் குறைத்தார், தீனியைக் குறைத்தார், பயனில்லை. கடைசியில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் சிறு மீட்டரை வாங்கி, சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் 90-ஐக் காட்டியது.

மெக்கானிக் வந்து சிரித்தார். குடிக்கிற தண்ணீருக்கு ருசி வேண்டும் என்பதற்காக, பல வீட்டு இயந்திரங்களில் ஒரு சிறு திருகு இருக்கிறது. சவ்வு வழியாக வடிகட்டிய தண்ணீரில் வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடுவதே அதன் வேலை. மனிதனுக்கு ருசி, குழாய்த் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டும் சிலிக்காவும் பாசிக்கு விருந்து. தொட்டிக்கென்று திருகு இல்லாத தனி வடிகட்டி வாங்கினார். ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீருக்கு மூன்று லிட்டர் வீணாகப் போவதைப் பார்த்ததும் வீட்டில் குரல் உயர்ந்தது. "குடிக்கிற தண்ணிக்கே லாரி பின்னாடி ஓடுற ஊரு. உங்க பவளத்துக்கு மட்டும் பன்னீரா?" அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. இப்போது வீண் தண்ணீர் முழுவதும் வாளிகளில் சேர்கிறது. வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற அதுதான்.

அடுத்தது 2023-ன் கோடை. வறண்ட லூ காற்று தினமும் மூன்று நாலு லிட்டரைக் குடித்தது. குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரைக் கலந்து ஊற்றினார். கணக்கர் செய்யக்கூடாத தவறு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. பத்து நாளில் கடல் உப்பளமாகிக்கொண்டிருந்தது. பொத்தான் பூக்கள் மூடிக்கொண்டன. உப்பளங்களின் ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

மூன்றாவது பாடம் யமுனையிலிருந்து வந்தது. தில்லிவாசிகளுக்கு அந்தச் செய்தி பழகிப்போனது: குளிர்காலங்களில் ஆற்றில் அமோனியா கூடும், வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களில் உற்பத்தி குறையும், குழாயில் காற்று வரும். அமோனியா ஒரு பி.பி.எம். அளவைத் தாண்டினால் அந்த நிலையங்கள் திணறுகின்றன. கரோல் பாக்குக்குத் தண்ணீர் வருவது அந்த வழியில்தான். அமோனியாவும் குளோரினும் சேர்ந்தால் குளோரமின். வடிகட்டியிலுள்ள கரி புதிதாக இருந்தால் அதைப் பிடித்துவிடும். கரி களைத்துவிட்டால் சவ்வு மட்டும் அதை முழுதாகத் தடுப்பதில்லை.

2024 ஜனவரியில் தொட்டித் தண்ணீரை மாற்றிய மறுநாளெல்லாம் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. தொட்டியைச் சோதித்தால் அமோனியா லேசாகத் தெரியும், இரண்டு நாளில் மறைந்துவிடும். பாக்டீரியா ஊழியர்கள் அதைத் தின்றுவிடுவதால் திருடன் அகப்படவில்லை. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து, தொட்டியை விட்டுவிட்டு, மறுநாளுக்காக உப்புக் கலந்து வைத்திருந்த வாளியைச் சோதித்தார். குப்பியில் தண்ணீர் பச்சையானது. ஒரு மீன்கூட நீந்தாத வாளியில் அமோனியா. அன்று முதல் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் ஒரு வரி: 'தொட்டிக்கு முன் வாளி.' கரி மாற்றும் தேதியும் அங்கேதான் இருக்கிறது.

இந்த எல்லாத் தொல்லைகளுக்கும் தீர்வு இருந்தது. 2024 ஜூனில் வந்தது வேறு ரகம். தில்லி வாரக்கணக்கில் 45 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரவிலும் சுவர்கள் சுட்டன. பகலில் ஏ.சி. காப்பாற்றியது. மின்சாரம் போனால் இன்வர்ட்டரில் பம்ப் மட்டும் ஓடும். 26 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர் ஒரு மாலை 31-ஐத் தொட்டது. காளான்களின் பச்சை வெளிற ஆரம்பித்தது.

அந்த நிறம் அவற்றின் சொந்த நிறம் மட்டுமல்ல. திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் உணவு சமைத்து, வாடகை போலப் பெரும் பகுதியை வீட்டுக்காரருக்குத் தருகின்றன. சூடு தாங்காமல் போனால் இந்த உறவு கெடுகிறது. பாசிகள் வெளியேற்றப்படுகின்றன, உடல் வெளுக்கிறது. உடனே சாவதில்லை. சீக்கிரம் குளிர்ந்தால் பாசிகள் திரும்பலாம். இல்லாவிட்டால் பட்டினிதான்.

தண்ணீரின் மேல் மேஜை விசிறியைத் திருப்பினார்கள். பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்து, மூடியை இறுக்கி, ஒவ்வொன்றாக மிதக்க விட்டார்கள். அவசரப்பட்டால் திடீர்க் குளிரே கொன்றுவிடும் என்பதால் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்கவில்லை. அந்த வாரத்துப் பக்கங்களில் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. 'அதிகாலை 3 மணி, 29.5, பாட்டில் மாற்றியாச்சு' என்று எழுதியிருப்பவர், பன்னீரா என்று கேட்ட மனைவி.

அந்த ராத்திரிகளில் ஒன்றில் தூத்துக்குடியிலிருந்து பால்ய நண்பர் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டு நீண்ட நேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, அந்தக் காலத்துல நாங்க வள்ளம் வள்ளமா வாரிட்டு வந்தோம். நீங்க ஒரு கைப்பிடிக்கு ஐஸ் வெச்சிட்டிருக்கீங்க."

சிரிப்புக்குப் பின்னால் இருந்தது இருவருக்கும் தெரிந்த கதை. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். பல பத்தாண்டுகள் அந்தக் கல்லை உடைத்து வள்ளங்களில் ஏற்றிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள்; ஆலைகளுக்கும் போயிற்று. 1986-ல் தேசியக் கடல் பூங்கா என்று அறிவித்த பிறகும் திருட்டுத்தனமாக நடந்தது. 2005 வாக்கில்தான் ஓய்ந்தது. அதற்குள் தூத்துக்குடி அருகிலிருந்த விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. அவர் பிறந்த வீட்டின் சுவரில் தீபாவளிக்குத் தீபாவளி அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதில் அவர் கேட்டதில்லை.

உடைப்பது நின்ற பிறகு சூடு வந்தது. 2010-லும் 2016-லும் வளைகுடாவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நிகழ்வதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்தக் கோடையில் லட்சத்தீவின் பவளங்களும் வெளுத்ததை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்தது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் போதும் என்பது கணக்கு. அங்கே விசிறி வைக்க ஆளில்லை. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறது. அது பொறுமையான வேலை. சூட்டைத் தணிக்கும் வேலை அவர்கள் கையில் இல்லை.

அவருடைய காளான்களில் இரண்டு செத்தன. மற்றவை செப்டம்பரில் நிறம் திரும்பின.

அக்டோபரில் நகரின் மறுகோடியில் ஒரு மீன்கடைக்கு உப்பு வாங்கப் போனார். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அங்கிள்ஜி, உங்களுக்காக ஒன்று" என்று பின்னறையிலிருந்து ஒரு வாளியைக் கொண்டுவந்தார். மான் கொம்பு போலக் கிளைத்த பவளம், நுனிகளில் வெளிர் நீலம். ரசீது கிடையாது. கையில் வாங்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். புதிதாக உடைந்த கல்லின் வெள்ளை.

ஆசை இல்லாமலில்லை. கால்சியம் 420, காரம் 8, வெப்பம் 26. அன்று காலை எண்கள் அப்படித்தான் இருந்தன. அது தன் வீட்டில் பிழைக்கும், இந்த வாளியில் பிழைக்காது என்று தெரியும். காப்பாற்றுவதாக மனசுக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விற்ற இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும், அதுவும் எங்கோ உடைக்கப்பட்டிருக்கும். உப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அன்றிரவு வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினார். "அதை விட்டுவிட்டு வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது" என்கிறார்.

தொட்டியைப் பெரிதாக்கும் எண்ணம் இல்லை. இருப்பவற்றைக் கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உப்பின் அளவு பார்க்கும் கருவியைப் பெட்டியில் வைத்துக்கொள்ளப் போகிறார். நண்பர் வள்ளத்தில் அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கடலில் ஒரு சொட்டு எடுத்து அளக்க வேண்டுமாம்.

"இத்தனை நாளாக நகலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்கிறார் அந்தக் கணக்கர். "ஒரு தடவையாவது மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டாமா?"