தாழும் சிறகு

"வாப்பா, தம்பி எப்போது வருவான்?" முதுமையுற்ற எம் அன்னையார் மூன்றாம் முறையாகக் கேட்டார்கள்.

"முன்பே சொல்லிவிட்டேனே, உம்மா!" என்று சற்று உரத்தே விடையிறுத்தோம். அன்னையார் மறுமொழி கூறவில்லை. தஸ்பீஹை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

அன்றிரவு 'ஜனாஹ்' என்னும் அரபுச் சொல்லைப் பற்றிக் கட்டுரை வரைய அமர்ந்தோம். பறவையின் சிறகு என்பதே அதன் நேர்ப்பொருள். சாய்தல் என்னும் கருத்துடைய வேரிலிருந்து பிறந்தது அச்சொல். குற்றத்தைக் குறிக்கும் 'ஜுனாஹ்' என்பதும் அவ்வேரினதே. நேர்வழியினின்று சாய்வதுதானே குற்றம்!

மனிதனுக்குக் கரமே சிறகு. மூஸா நபி (அலை) அவர்களின் கரத்தையும் விலாப்புறத்தையும் திருமறை இச்சொல்லாலேயே சுட்டுகின்றது. ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) மூத்தா போர்க்களத்தில், கொடியேந்திய இரு கரங்களையும் இழந்து ஷஹீதானார்கள் ஜஅஃபர் (ரலி) அவர்கள். சுவனத்தில் அவர்களுக்கு இரு சிறகுகள் அருளப்பெற்றதை அண்ணலார் (ஸல்) அறிவித்தார்கள். 'துல் ஜனாஹைன்', இரு சிறகுடையார், என்ற சிறப்புப் பெயர் அதனால் வந்தது.

நம் தமிழும் இச்சொல்லைச் சிறகோடு நிறுத்திவிடவில்லை. தெருவின் வீட்டு வரிசைகளை வடசிறகு, தென்சிறகு என்று வழங்குவதுண்டன்றோ?

இவ்வாறு எழுதிக்கொண்டே திருமறையின் 17ஆம் அத்தியாயம், 24ஆம் வசனத்திற்கு வந்தோம். பெற்றோர் முன் பணிவின் சிறகைத் தாழ்த்துமாறு பணிக்கும் வசனம் அது. ஹிஜ்ரி 606இல் மறைந்த இமாம் ராஸி அவர்கள் தம் விரிவுரையில் இதற்கு இரு விளக்கங்களை எடுத்துரைக்கின்றார்கள். பறவை உயரப் பறக்கச் சிறகை விரிக்கும். கீழிறங்க அதனைத் தாழ்த்தும். அன்றியும், குஞ்சுகளை அணைத்துக் காக்கவும் சிறகைத் தாழ்த்தும்.

எழுதுகோல் நின்றது. ஒரு காலத்தில் எம்மீது தாழ்ந்திருந்த சிறகு எவருடையது? சொல்லின் வேரை ஆராயத் தெரிந்த எமக்கு, அச்சொல் இட்ட கட்டளை பகலில் நினைவிற்கு வரவில்லையே!

எழுந்து சென்று பார்த்தோம். அன்னையார் உறங்கவில்லை. காலடியில் அமர்ந்தோம். சற்று நேரங்கழித்து, "தம்பி எப்போது வருவான்?" என்றார்கள்.

"பெருநாளைக்கு வந்துவிடுவான், உம்மா" என்றோம், முதன்முறையாகக் கேட்டவர்போல.