சூட்டில் எழாத எஞ்சின்

குளிர்ந்திருக்கையில் இரண்டே இழுப்பில் உறுமி எழும்; கால் மணி நேரம் ஓடிச் சூடேறி நின்றுவிட்டாலோ ஸ்டார்ட்டர் கயிறே அறுந்தாலும் எழாது. நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கார் வைத்திருப்போர் எல்லோரும் என்றேனும் சந்திக்கும் நோய் இது. காரணங்கள் பல. சென்ற ஆண்டு கோவையில் என் கைக்கு வந்த எஞ்சினில், காரணத்தைக் கண்டறிவது ஒரு சிறுவனுக்குத் தீர்ப்புச் சொல்வதாகவும் அமைந்துவிட்டது.

கார் மறைந்த நண்பருடையது, எஞ்சின் 3.5 சி.சி. அவர் மகனுக்குப் பதின்மூன்று வயது. "நாந்தானுங்க மாமா ஊசியத் திருகிக் கெடுத்துட்டேன். அப்பா வெச்சபடியே உட்டிருந்தா ஓடியிருக்கும்" என்றான். அவன் அஞ்சியது காரணமற்றதன்று. கார்புரேட்டர் ஊசியை இறுக்கினால் எரிபொருள் குறையும். இவ்வகை எஞ்சினில் மசகெண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருவதால், எண்ணெயும் கூடவே குறையும். சூடு ஏறும், உலோகம் தேயும்.

முதலில் குளோ பிளக். பெட்ரோல் எஞ்சினைப்போல் இதில் சுற்றுக்கொரு பொறி விழுவதில்லை. பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச்சுருள் ஒன்றைத் தொடக்கத்தில் மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரி கனல வைக்கிறது. பிறகு மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின்மேல் படும்போது நிகழும் வினையும் எரிதலின் வெப்பமுமே அக்கனலைக் காக்கின்றன. சூடேறிய பிளாட்டினக் கம்பி எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் தானே கனன்றுகொண்டிருப்பதை ஹம்ப்ரி டேவி 1817இல் கண்டார். 1823இல் பிளாட்டினப் பஞ்சின்மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சிப் பற்றவைத்தவர், பள்ளியில் மும்மை விதிக்காக நாம் மனப்பாடம் செய்த அதே டாபரீனர். (இலக்கிய அன்பர்களுக்காக ஓர் இடைச்செருகல்: யேனா பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர்தான் மகாகவி கதேக்கு வேதியியல் ஆலோசகர்.)

பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், செக்கச்செவேலெனக் கனன்றது. எரிபொருள் மிகுந்து உள்ளே தேங்கியிருக்கலாமே என்று, பிளக் இல்லாமலே கயிற்றை நாலைந்து முறை இழுத்தோம்; ஏதும் வெளிவரவில்லை. குழாயில் ஆவிக்குமிழிகளும் இல்லை. ஊசியை எட்டில் ஒரு பங்குச் சுற்று தளர்த்தியும் பயனில்லை.

எஞ்சியது பிஸ்டனும் ஸ்லீவும். இந்தப் பிஸ்டனுக்கு வளையம் கிடையாது. குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ், மேலே செல்லச்செல்ல மயிரிழையளவு குறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சியை எட்டும்போது இறுக்கிப் பிடிக்கும். சூடேறினால், சிலிக்கான் மிகுந்த அலுமினியப் பிஸ்டனைவிடப் பித்தளை அதிகம் விரிந்து, ஓட வேண்டிய அளவுக்கு மட்டும் இடம்விடும். ஆண்டுக்கணக்கில் ஓடித் தேய்ந்த ஸ்லீவோ, குளிரில் பழைய பிடிப்போடு இருப்பதாகவே காட்டும். சூட்டில் அளவுக்குமேல் தளர்ந்துவிடும். கயிற்றின் மெதுவான இழுப்பில் கம்ப்ரஷன் முழுக்கக் கசிந்துபோகும்.

ஃப்ளைவீலைக் கையால் சுழற்றிப் பார்க்கச் சொன்னேன். குளிரில் உச்சியில் முட்டி நின்றது. ஓடி நின்றபின் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஈரத்துணியை எஞ்சின் தலைமேல் சற்று நேரம் போர்த்தி எடுத்து இழுத்ததும் எழுந்துவிட்டது. (மெத்தனால் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. சூடான எஞ்சினருகே எரிபொருள் சிந்தாமல் பார்த்துக்கொள்வது நல்லது.)

தேய்மானம் என்பது உறுதியாயிற்று. ஆனால் தேய்த்தது யார்? நண்பர் ஒவ்வொரு டாங்க் எரிபொருளையும் ஒரு பள்ளி நோட்டில் குறித்துவைப்பவர். எடுத்துவரச் சொன்னேன். மொத்தம் 18 லிட்டர். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருந்தது: 'சூட்டில் எடுக்கவில்லை. ஈரத்துணி போட்டதும் எடுத்தது.' அதற்குப் பிறகு பையன் ஓட்டியது ஆறே டாங்க், முக்கால் லிட்டர்கூட இராது. அவன் திருகியதால் இம்மியும் தேயவில்லை என்று நான் சொல்லவில்லை. பொய் சொன்னால் கண்டுபிடிக்கிற வயது அது. பதினெட்டுக்கு முக்கால் என்று கணக்கை மட்டும் காட்டினேன். நோட்டை அவன் நெடுநேரம் மூடவில்லை.

புதிய ஸ்லீவும் பிஸ்டனும் வாங்கலாம். ஆனால் இந்த எஞ்சின் இப்போது தயாராவதில்லை. கணபதியில் ஒரு லேத் பட்டறைக்காரர் ஸ்லீவின் மேல்வாயைக் கவ்விச் சுற்றிலும் சீராக நெருக்கித் தர ஒப்புக்கொண்டார். மிகுதியாய் நெருக்கினால் குரோமியம் உரிந்துவிடும் என்று முதலிலேயே எச்சரித்தார். "ரெண்டு மூணு லிட்டர் தாங்குமுங்க. அதுக்குமேல நாம கேக்கப்படாது" என்றார். கூலியும் வாங்கவில்லை, ஓடும்போது கொண்டுவந்து காட்டினால் போதுமாம்.

மறுபடி பூட்டிச் சூடாக்கி நிறுத்தி இழுத்தபோது மூன்றாம் இழுப்பில் எழுந்தது. சுழற்சி சற்று வறண்டிருந்தது, புகை போதவில்லை. ஊசியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்றேன். பையன் ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஒருகணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து, தானே திருப்பினான்.