மீட்டர் 12 காட்டும், பல்பு எரியாது

சென்னைப் புதுப்பேட்டையில் எஞ்சின் பிரிப்பவர்களைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். கை முழுக்க கிரீஸ், கோணியில் பரப்பிய பல்சக்கரங்கள், சுத்தியல் சத்தம் என்று கண்ணுக்குத் தெரிகிற வேலை அது. வயரிங் வேலை அப்படியில்லை. சீட்டையும் டேங்கையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஆள் குந்தியபடி வயர்க் கட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். தள்ளி நின்று பார்த்தால் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். வண்டிக்காரருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கடைசியில் காசு வாங்கும்போது வருகிற சண்டைக்குக் காரணமும் அதுதான்.

பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் கடைகளுக்கு நடுவே, ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அந்தக் கடை இருக்கிறது. கடை என்று ஷட்டர் போட்ட சின்ன இடம். சாமான் வைக்க மட்டும். வேலையெல்லாம் வாசலில். அவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். எஞ்சின் வேலை அவர் தொடுவதில்லை. “கார்பரேட்டரா? எதிர்க்கடை” என்று அனுப்பிவிடுவார். செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கி, கிளம்பாமல் மாட்டிக்கொண்டு, இரண்டு மூன்று இடத்தில் காட்டிவிட்டு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் இவரிடம் வந்து சேர்கிறார்கள்.

நான் போயிருந்த நேரம், உணவு டெலிவரி டி-ஷர்ட் போட்ட ஒரு பையன் 150 சிசி வண்டி ஒன்றை வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தான். கிக்கர் இல்லாத வண்டி. செல்ஃப் எடுக்கவில்லையென்றால் வேறு வழி கிடையாது.

“இன்னா தம்பி பண்ணுது?”

“சாவி போட்டா மீட்டர் லைட்டு வருது பாய். செல்ஃப் அமுக்குனா எல்லாம் ஆஃப் ஆயிடுது. வுட்டுட்டுப் போட்டா மறுபடி வருது.”

“பேட்டரி?”

“புதுசு. ரிலேவும் புதுசு. சார்ஜிங் யூனிட்டும் மாத்தியாச்சு. ஏரியாவுல ஒருத்தர்தான் மாத்தினாரு. ரெண்டு வாரம் ஓடுச்சு.”

“வேற இன்னா?”

“ஃபாக் லைட்டு கொஞ்ச நாளா டல்லாதான் எரிஞ்சுது. அதான் பேட்டரி வீக்குன்னாரு.”

பாய் தலையை ஆட்டினார். அந்தக் கடைசி வரியை அவர் கவனித்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மல்டிமீட்டரை எடுத்து பேட்டரி முனைகளில் வைத்தார். 12.6. சும்மா இருக்கும்போது ஒரு நல்ல பேட்டரி காட்ட வேண்டிய அளவு அது. இதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். பாய் முனையிலிருந்து கம்பியை எடுக்காமல், பையனை செல்ஃப் பட்டனை அமுக்கச் சொன்னார். டாஷ் போர்டு செத்தது. எண் 12.6-லேயே நின்றது.

“பாத்தீங்களா சார், அசையவே இல்ல.”

செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பேட்டரியிலிருந்து பல பத்து ஆம்பியர் இழுக்கும். நல்ல பேட்டரியே அப்போது 11-க்குப் பக்கத்தில் இறங்கும். செத்த பேட்டரியாக இருந்தால் 9, 8 என்று விழுந்துவிடும். இங்கே எண் விழவே இல்லை. அப்படியானால் பேட்டரி வீக் இல்லை, அதிலிருந்து கரென்ட் வெளியே போகவே இல்லை. புது பேட்டரி, புது ரிலே, புது சார்ஜிங் யூனிட் எல்லாவற்றுக்கும் செலவழித்த பணம் இந்த ஒரு நிமிடச் சோதனையில் அர்த்தமிழந்து போனது. பையனுக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

அடுத்து அவர் எடுத்தது மீட்டரை அல்ல, டெஸ்ட் பல்பை. பிரேக் லைட்டில் போடும் 21 வாட் பல்புக்கு இரண்டு வயரைப் பற்றவைத்து, ஒரு முனையில் முதலைக் கிளிப்பும் மறுமுனையில் ஒரு கூரான ஊசியும் வைத்திருக்கிறார். கடையில் மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல், சாவி போடும் சுவிட்சுக்குப் போகும் வயரைப் பின்பக்கத்தில் தொட்டு, முதலில் மீட்டரை வைத்தார்: 12.4. அதே இடத்தில் பல்பை வைத்தார்: இழை லேசாகச் சிவந்ததோடு சரி.

“குழாயில அடைப்பு இருந்தாலும் சொட்டு சொட்டா தண்ணி வரும்ல. அத வெச்சுகினு தண்ணி வருதுன்னு சொல்லிக்கலாம். பக்கெட்ட வெச்சாதான் தெரியும்.”

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வது துல்லியம். சாதாரண டிஜிட்டல் மீட்டர் வோல்ட் பார்க்கும்போது இழுக்கும் மின்சாரம் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். இணைப்பு அரித்துப்போய்ப் பெயருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டிவிடும். 21 வாட் பல்போ ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். அப்படி அரித்துப்போன இணைப்பால் அதைக் கொடுக்க முடியாது. சுமை ஏற்றாமல் வயரின் யோக்கியதை தெரியாது. இதைப் பாடப் புத்தகத்தில் ஓம் விதி என்று படித்துவிட்டு மறந்துபோனவர்களில் நானும் உண்டு.

தேடலில் அவருக்கு ஒரு முறை இருக்கிறது. பேட்டரியில் தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகப் போக மாட்டார். பாதையை மனதில் பாதியாக வெட்டி, நடுவில் தொடுவார். பேட்டரி, மெயின் ஃபியூஸ், வயர்க் கட்டு, சாவி சுவிட்ச், அங்கிருந்து திரும்பி வந்து செல்ஃப் பட்டன், ரிலே. ஃபியூஸுக்கு அப்புறம் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆகவே கோளாறு ஃபியூஸுக்கும் சாவிக்கும் இடையில். அந்த இடைவெளியில் இருப்பது டேங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு வெள்ளைக் கப்ளர் மட்டும்தான். உள்ளே வரும் பக்கம் பல்பு பளிச். வெளியே போகும் பக்கம் மங்கல். கப்ளரைப் பிரிக்க முயன்றார், வரவில்லை. இடுக்கியால் மெதுவாக ஆட்டி எடுத்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் காபி நிறத்துக்கு மாறி உருகியிருந்தது. மற்ற பின்களில் பச்சைப் பொடி. அந்த ஒரு பின் மட்டும் கருப்பு.

“தண்ணில நின்ன வண்டி. எங்க வாங்கின?”

“வேளச்சேரி பக்கம் பாய். புரோக்கர் மூலமா. சிங்கிள் ஓனர்னு சொன்னாங்க.”

பாய் ஹாரனைக் கழற்றி, வாயைக் கவிழ்த்து விரலால் தட்டினார். காய்ந்த வண்டல் பொடியாகக் கொட்டியது. ஹெட்லைட் டூமுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார்; அடிப்பக்கம் மெல்லிய களிமண் படலம். வாட்டர் சர்வீஸ் விட்டு பாலிஷ் போட்டாலும் கை போகாத இடங்கள் இவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. அன்று மூழ்கிய வண்டிகளில் எஞ்சின் ஆயிலை மாற்றி, காயவைத்து, ஓடவைத்து விற்றவை ஏராளம். எஞ்சின் அதைத் தாங்கிக்கொள்ளும். செம்பு தாங்காது. கப்ளருக்குள் போன ஈரம் உடனே ஒன்றும் செய்வதில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து பச்சை பூக்கவைக்கும். அதற்குள் வண்டி கை மாறியிருக்கும்.

ஆனால் பச்சை மட்டும் பிளாஸ்டிக்கை உருக்காது. உருக்கியது ஃபாக் லைட். முந்தைய ஓனரோ, அவருடைய நண்பரோ, இரண்டு 55 வாட் ஹாலோஜன் விளக்குகளை வாங்கி, சாவி சுவிட்சிலிருந்து வரும் வயரைச் சீவி முறுக்கி, டேப் சுற்றிவிட்டிருக்கிறார்கள். ரிலே கிடையாது, தனி ஃபியூஸ் கிடையாது. இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒன்பது ஆம்பியருக்கு மேல். ஏற்கெனவே பச்சை பிடித்த பின் வழியாக இத்தனையும் போனால் அது சூடாகத்தான் செய்யும். மெயின் ஃபியூஸ் 15 ஆம்பியர் என்பதால் அது போகாது, எரிவது கப்ளர். கப்ளர் எரிய எரிய விளக்கு மங்கும். விளக்கு மங்கியதைப் பார்த்த மெக்கானிக் பேட்டரியை மாற்றுவார். பையன் முதலிலேயே சொன்ன ‘டல்லா எரிஞ்சுது’ அதுதான்.

பழைய வண்டியின் வயர்க் கட்டைப் பிரித்தால் அதன் எல்லா ஓனர்களும் வெளியே வருகிறார்கள். ஒருவர் திருட்டு அலாரம் போட்டுக் கழற்றியிருப்பார். அறுத்த வயர் முனைகள் அப்படியே தொங்கும். இன்னொருவர் காற்று ஹாரன். ஒருவர் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் தொல்லை தருகிறது என்று நேரடியாக இணைத்திருப்பார். பாய்க்கு எல்லாவற்றையும்விடக் கோபம் வருவது, எந்த ஒட்டுக்கும் சிவப்பு வயரையே போடுகிறவர்கள் மீது. கம்பெனி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறது. நடுவில் சிவப்பைச் செருகினால், அடுத்து வருகிறவன் எதை நம்பித் தேடுவது? அதனால் அவர் புது வயர் ரோல் வாங்குவதே இல்லை. உதவிக்கு இருக்கும் பையனை நாலு கடை தள்ளி அனுப்பி, பிரித்த வண்டியிலிருந்து அதே மாதிரி கப்ளரை அரையடி வயரோடு வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். நிறம் மாறாமல் ஒட்டலாம். புதுப்பேட்டையில் இருப்பதன் லாபம் அது.

கப்ளர் வருவதற்குள் பேச்சு பழைய வண்டிகளுக்குப் போனது. ஆர்எக்ஸ் 100-க்கு இத்தனை மவுசு இருப்பதற்குச் சத்தம் மட்டும் காரணம் இல்லை என்கிறார். அதில் பொறிக்கு வேண்டிய மின்சாரம் மேக்னட் காயிலிலிருந்தே வந்துவிடும்; பேட்டரியைக் கழற்றிக் கடாசினாலும் கிக்கரை உதைத்தால் கிளம்பும். வயரிங் பாதி செத்த நிலையிலும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அது. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் நேர் எதிர். பிளாட்டினம் பாயின்ட், பேட்டரி, காயில். பேட்டரி போனால் வண்டி நிற்கும். ஆனால் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு ஆம்ப்மீட்டர் முள் இருந்தது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாகக் கீழே தள்ளினால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்த இடத்தில் டீகம்ப்ரஸரை அழுத்திக் கொஞ்சம் தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே உதை. பாயின்ட், வயர், பேட்டரி மூன்றும் நன்றாக இருக்கிறதா என்பதை உதைப்பதற்கு முன்பே அந்த முள் சொல்லிவிடும். ஓட்டுகிறவனே பாதி எலக்ட்ரீஷியன். எனக்கு இந்த முள்ளின் மீது ஒரு தனிப் பிரியம் உண்டு; இப்போதைய டிஜிட்டல் டாஷ்போர்டுகளில் கியர் எண்ணும் மைலேஜும் வருகின்றன, கரென்ட் எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும் வருவதில்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 கட்டாயமான பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்பரேட்டருக்கு விடை கொடுத்தாகிவிட்டது. பெட்ரோல் பம்பும் மின்சாரத்தில் ஓடுகிறது. சாவி போட்டதும் டேங்குக்குள்ளிருந்து இரண்டு மூன்று விநாடி கேட்கும் ரீங்காரத்தைத்தான் பாய் முதலில் கவனிக்கிறார். அது கேட்கவில்லையென்றால் பிளக்கைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கேனர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார், ஆனால் பெட்டியிலிருந்து அடிக்கடி எடுப்பதில்லை. சென்சார் கோளாறு என்று ஸ்கேனர் சொல்லும். சென்சாருக்குப் போகும் வயரில் பச்சை பூத்திருப்பதை அது சொல்லாது என்பது அவர் கட்சி.

கப்ளர் வந்தது. எரிந்த பகுதியை வெட்டி எறிந்தார். வெட்டிய முனையில் செம்பு கருத்திருந்தது. பளபளக்கிற இழை கிடைக்கும்வரை இன்னும் இரண்டு விரற்கடை பின்னால் போய் வெட்டினார். ஸ்லீவை முன்னதாகவே கோர்த்து, இழைகளை எதிரெதிராகச் சொருகி முறுக்கி, ஈயம் வயருக்குள் ஊறும்வரை காத்திருந்து, ஸ்லீவை இழுத்து லைட்டரால் சுருக்கினார். ஃபாக் லைட் ஒட்டைப் பிரித்து எடுத்துவிட்டு அந்த இடத்தையும் மூடினார். பிறகு மீட்டரின் இரண்டு கம்பிகளையும் கப்ளரின் இரு பக்கமும் வைத்து செல்ஃபை அமுக்கச் சொன்னார். நல்ல இணைப்பில் அங்கே ஏறக்குறைய பூஜ்யம்தான் வர வேண்டும். 0.1-ஐத் தாண்டவில்லை. எஞ்சின் அடுத்த நொடியே பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரை ஏற்றி பேட்டரியில் பார்த்தார்: 14.1. சார்ஜிங் சரி.

“எவ்ளோ பாய்?”

“நானூறு குடு.”

“நானூறா? பார்ட்ஸ் ஒண்ணும் போடலியே. ஒரு கப்ளருதானே, அதுவும் பழசு.”

“நீ மாத்தின பேட்டரி, ரிலே, யூனிட்டு எல்லாம் சேத்து இன்னா ஆச்சு?”

பையன் தொகையைச் சொல்லவில்லை. புதுசு வாங்கியதற்குப் பில் இருக்கிறது, கையில் பொருள் இருக்கிறது. கண்டுபிடித்ததற்குப் பில் எழுதும் வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை. வயரிங் கிட் முழுசையும் மாற்றச் சொல்லியிருந்தால் ஆயிரக்கணக்கில் வாங்கியிருக்கலாம், கேள்வியும் வந்திருக்காது. ஒரு பின்னைத் தேடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பேரம்தான். முன்னூற்று ஐம்பதை போனில் அனுப்பினான்.

“கழட்டின பழைய பேட்டரியும் ரிலேவும் வாங்கி வெச்சியா?”

“இல்ல பாய், அவருகிட்டயே வுட்டுட்டேன்.”

“நல்லா இருந்திருக்கும் அதுங்க.”

பையன் வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், கவருக்குள் போட்டுக் கொடுத்த ஃபாக் லைட்டுகளைப் பார்த்தான். “பாய், இத மறுபடி மாட்ட முடியாதா? நைட்டு ஓஎம்ஆர் பக்கம் ஆர்டர் வந்தா இருட்டா இருக்கும்.”

“அந்த குண்டு பல்பு வேணாம். எல்இடி வாங்கினு வா. ரிலே, ஃபியூஸ் வெச்சு பேட்டரிலருந்து தனி லைன் இழுத்துத் தர்றேன். ஆனா அறுநூறு ஆவும்.”

“சரி பாய், ஞாயித்துக்கெழம வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அதற்குப் பேரமே பேசவில்லை.