காலதர்

பெட்டியொன்றின்மேல் இரு கண்ணாடிக் குழாய்கள்; ஒன்றின் கீழே எரியும் மெழுகுவர்த்தி. கல்லூரி விஞ்ஞானகூடத்திலே கண்ட அப்பரிசோதனையைப் பழைய மாணவர் பலரும் நினைவுகூர்வர். சூடேறிய வளி சுடருக்கு மேலுள்ள குழாயால் எழும். அதன் இடத்தை நிரப்ப மற்றைய குழாயாற் குளிர்வளி இறங்கும். குழாய் வாயை உள்ளங்கையால் மூடிச் சுடரை வாடச் செய்வது அந்நாளில் எமக்கு விளையாட்டு. அவ்விளையாட்டையே பல்லாண்டு கழித்து வெல்லாவெளியில் எம் மாணவர்மீது ஆடினோம் என்பதை நாணத்துடனேயே எழுதுகின்றோம்.

யாம் தமிழ் கற்பித்த வகுப்பறைக்கு மேற்கே சாளரங்கள்; கிழக்குச் சுவரிலே கூரையை ஒட்டித் துளைக்கற்கள். மார்கழிச் சாரல் அத்துளைகளால் வந்து புத்தகங்களை நனைக்கவே, மாணவரைக் கொண்டு அட்டை அறைந்து அடைப்பித்தோம். மழை நின்றபின் மறந்தோம்.

2023 ஆனியிற் கச்சான் வீசிற்று. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தை உதிர்த்து, இப்பாற் கீழிறங்குகையில் அமுங்கிச் சூடேறிப் படுவான்கரை வயல்களை அடையும் காற்று அது. சாளரமெல்லாம் திறந்திருந்தும் புழுக்கம் தணியவில்லை. மின்விசிறியோ இருந்த வெப்பத்தையே சுழற்றியது. கண்ணயர்ந்த சிறுவனொருவனை எழுந்து நிற்கப் பணித்தோம்.

"சேர், எழும்பி நிண்டா இன்னும் வெக்கையா இரிக்கு" என்றான்.

துடுக்கென்று கடிந்தோம். அன்று கற்பித்த சொல்லோ காலதர்! சிலப்பதிகாரத்தில் சாளரத்துக்கு வழங்கும் பெயர் அது. கால் காற்று, அதர் வழி. வழியெனின் புகுமிடத்தோடு போமிடமும் வேண்டுமென்பது, பொருளுரைத்த எமக்கே உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் பூசையில் ஊதுவத்திப் புகை உணர்த்தியது. நேரே எழுந்து, கூரைத் தகட்டின்கீழ்ப் பரந்து, அங்கேயே நின்றது. நாற்காலிமீதேறிக் கைநீட்டினோம், அடுப்பங்கரை வெக்கை. சிறுவன் மெய்யே சொன்னான். அட்டைகளைப் பிடுங்கியதும் புகை கிழக்கே சாய்ந்து துளைகளால் வெளியேறிற்று.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல், கொரோனாத் தொற்றைக் கருதி, ஆளொருவருக்குச் செக்கனுக்கு 10 லீற்றர் புதுவளி வேண்டுமென்றது. முப்பது மாணவரும் ஆசிரியரும் இருப்பின் 310 லீற்றர். உள்ளே வருவதற்கு ஈடாக வெளியே செல்லாவிடின் அது கைகூடாது. குளிர்நாடுகளில் வெந்நீர்க் குழாயாற் சூடேற்றும் மாளிகைகளிலும், நீர் செல்லும் குழாய்க்கு மீளும் குழாய் துணை நிற்பது இதனாலன்றோ!

நெடுநல்வாடையிலே, வேனிலில் தென்றல் தரும் சாளரம் கூதிரில் அடைபட்டுக் கிடக்கும். தடவு என்னும் தீச்சட்டியில் நெருப்பு வளரும். அவ்வடைப்பு பருவத்துக்கு உரியது. யாமோ பருவம் மாறியும் திறவாதிருந்தோம்.

பிழை எமதென்று வகுப்பிலே சொல்ல மறுநாள்வரை மனம் இடந்தரவில்லை. சொன்னபோது சிறுவன் சிரித்து, அட்டைகளைப் புத்தக உறைக்குத் தருவீர்களா என்று கேட்டான். அவ்வாண்டு மார்கழியிற் சாரல் மீண்டும் வந்தது. கிழக்குப்புறத்து இரு வாங்குகளை நகர்த்திப் போட்டோம்.